உள்ளே ஒன்றுமில்லாத பெட்டி

உன் அழிறப்பர் என் மேசையில் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் சரிவாகத் தேய்ந்து, கறுப்புப் படிந்த பச்சை அழிறப்பர். பழைய சேர்வரைக் கழற்றியபோது அதன் அடித்தட்டில், மின்விசிறிக்குக் கீழே கிடந்தது. எப்போது தவறவிட்டாயோ தெரியவில்லை. முகர்ந்து பார்த்தேன். பள்ளிக்கூடப் பெட்டியின் வாசம், அதோடு உப்பும் சூடேறிய தூசியும். அந்த அறையில் நீ குனிந்திருக்கும்போது உன் கையிலிருந்து வரும் வாசம் இதுதான்.

பெண்களுக்கான கணினி நிலையம் நடத்த ஓர்ஸ் ஹில்லில் அந்த அறையை எங்களுக்குத் தந்த அன்று எல்லோரும் யன்னலைப் பார்த்து வியந்தார்கள். மேற்குப் பக்கம் முழுவதும் உள்துறைமுகம். நீ யன்னலுக்குப் போகவில்லை. சுவரை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்த்தாய்.

"கடலைக் காட்டி எங்களை ஏமாத்திறாங்கள்டி. இந்த உப்புக்கு ஒரு கொம்பியூட்டரும் தாங்காது."

நீ சொன்னது சரி. கொஞ்சக் காலத்திலேயே ஒவ்வொன்றாக எழும்ப மறுத்தன. நீ மெமரித் தகட்டைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பை அழிறப்பரால் தேய்த்து, ஊதி, திரும்பப் பூட்டுவாய். எழும்பும். அடுத்த கிழமை இன்னொன்று படுக்கும். ஒருநாள் கையிலிருந்த தகட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தாய். "எத்தினைக்கெண்டு வைத்தியம் பாக்கிறது? மூளையை ஒரு இடத்தில வைப்பம். மிச்சமெல்லாம் கண்ணும் கையும் மட்டும்."

அப்படித்தான் தொடங்கியது. யன்னலில்லாத உள் அறையில், உப்புக்காற்று படாமல், ஒரே ஒரு நல்ல இயந்திரம். வெளி அறையில் அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய கணினிகள். அவற்றின் ஹார்ட் டிஸ்க்குகளை எல்லாம் கழற்றினோம். பொத்தானை அழுத்தினால் பெட்டி கேபிள் வழியே உள் அறையிடம் கேட்கும், உள் அறை கொடுக்கும். பெட்டியில் ஒன்றும் ஓடாது, ஒன்றும் தங்காது. படம் வரும், விசையின் அழுத்தம் போகும், அவ்வளவுதான்.

கேபிள் நுனிகளைக் குறட்டால் கவ்விப் பூட்டியதில் எங்கள் இருவருடைய பெருவிரலும் கன்றியிருந்தது. நான் ஒவ்வொரு நுனியையும் இழுத்துப் பார்த்தேன். இழுத்ததைத் திரும்பவும் இழுத்தேன்.

"நீ சொர்க்கத்துக்குப் போனாலும் வாசல்ல நிண்டு கேபிளை இழுத்துப் பாப்பாய்" என்றாய்.

"சொர்க்கத்தில கேபிள் இருக்கெண்டு ஆர் சொன்னது?"

"சொர்க்கமே இல்லையெண்டு சொல்லுறவளுக்குக் கேபிளைப் பற்றி என்ன கதை?"

எல்லாத் திரைகளும் ஒன்றாக விழித்த பிற்பகல் நினைவிருக்கிறதா? உப்புவெளியில் தங்குமிடம் நடத்தும் ஜெசிந்தா முதல் ஆளாக வந்து உட்கார்ந்தாள். பெட்டியைத் தட்டிப் பார்த்து, "இதுக்குள்ள என்ன ரீச்சர் இருக்கு?" என்று உன்னைக் கேட்டாள்.

"ஒண்டுமில்லை. எல்லாம் உள்ளுக்க இருக்கிற அவவிட்டத்தான்."

கன்னியாஸ்திரிகளிடம் படித்த ஜெசிந்தாவுக்கு அது போதுமாக இருந்தது. உள் அறை இயந்திரம் அன்று முதல் 'மதர்', வெளியே இருந்த பெட்டிகள் 'சிஸ்டர்மார்'. சேர்வர் திணறினால் "மதர் கோவமா இருக்கிறா", நின்றால் "மதர் படுத்திட்டா". நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். பிறகு நீயே அப்படிச் சொல்லத் தொடங்கினாய்.

கடவுச்சொல் விடயத்தில்தான் நாங்கள் சண்டை பிடித்தோம். கிண்ணியாவிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் பஸ் ஏறி வரும் பெண்கள் கடவுச்சொல்லை மறந்துவிட்டு அரை மணித்தியாலம் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்கள். நீ அதைத் தூக்கி எறிந்தாய். ஒவ்வொரு பெட்டியையும் ஒரு ஆளுக்குக் கட்டிவிட்டாய். ஜெசிந்தாவின் பெட்டியை யார் போட்டாலும் ஜெசிந்தாவின் திரை வரும். வேலை முடிந்து யாரும் வெளியேறத் தேவையில்லை. பெட்டியை அணைத்துவிட்டு பஸ்சுக்கு ஓடலாம். அவர்கள் திறந்து வைத்ததெல்லாம் மதருக்குள் அப்படியே விரித்தபடி இருக்கும். அடுத்த நாள் வந்து விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம். மதரை நிறுத்தினால் மட்டும், சேமித்தது மிஞ்சும், சேமிக்காதது போய்விடும்.

இது பாதுகாப்பில்லை, எங்கும் இப்படிச் செய்வதில்லை என்று நான் சொன்னேன். "எங்கயும் செய்யாட்டி என்ன, இஞ்ச செய்வம்" என்றாய். பெட்டிதான் ஆள் என்பது எங்கள் அறையின் வழக்கமாயிற்று. "ஜெசிந்தாவைத் துடைச்சு வை", "குச்சவெளிக்காரியைக் கொஞ்சம் சுவரோட தள்ளு" என்று பேசிக்கொண்டோம்.

பல்கலைக்கழக விடுதியில் நீ கண்ணுக்குத் தெரியாத ஜின்களின் கதைகள் சொல்லுவாய். நான் ஒவ்வொன்றுக்கும் காரணம் கண்டுபிடிப்பேன். காற்று, எலி, கூரைத் தகடு. ஒருமுறை அலுத்துப்போய்ச் சொன்னாய். "நீ நம்பாட்டி என்னடி? ஜின்னுக்கு உன்ட கையெழுத்துத் தேவையில்லை."

நீ கடைசியாக அந்த அறையிலிருந்து போனது ஒரு சாதாரணப் பிற்பகலில். பஸ்சுக்கு நேரமாகிறது என்று பெட்டியை அணைத்தாய், கைப்பையைத் தோளில் போட்டாய், "நாளைக்கு அந்த யன்னலுக்கு ஒரு திரைச்சீலை கொண்டு வாறன், வெயில் கண்ணைக் குத்துது" என்றாய். அடுத்த நாள் விடியற்காலையில் நெஞ்சு நோவு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே முடிந்தது.

நான் பாலம் கடந்து கிண்ணியாவுக்கு வந்து சேர்ந்தபோது உன்னைக் குளிப்பாட்டி வெள்ளை சுற்றியிருந்தார்கள். பெண்களோடு உள்ளே இருந்தேன். உன் அக்கா, நீ ராத்தா என்றழைத்தவ, என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தா. ஆண்கள் வந்து உன்னைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் வாசலோடு நின்றுவிட்டோம். உங்கள் வழக்கம் எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் நீ புறப்பட்டதைத்தான் கண்டேன், போய்ச் சேர்ந்த இடத்தைக் காணவில்லை. என்னைப் போன்ற ஒருத்திக்கு அது சரிபார்க்காமல் விட்ட வேலை.

உன் பெட்டியை நான் தொடவில்லை. துணி போட்டு மூடியிருந்தேன். பிறகு ஜெசிந்தாவின் பெட்டியை உப்பு தின்றுவிட்டது. அழிறப்பர் வைத்தியமும் பலிக்கவில்லை. அவளுக்குச் சுற்றுலாக் காலம் தொடங்கப்போகிறது, யார் எந்த அறைக்கு எப்போது வருகிறார்கள் என்பதெல்லாம் மதருக்குள் இருக்கிறது, அவசரம். சும்மா கிடக்கும் பெட்டிதானே என்று உன்னுடையதைத் தூக்கி அவளுடைய மேசையில், யன்னலோரமாக வைத்தேன். பெட்டிதான் ஆள் என்பதை அந்த நேரத்தில் மறந்துவிட்டேன்.

நான் உள் அறையில் நின்றேன். பொத்தான் அழுத்தும் சத்தம் கேட்டது. பிறகு கதிரை பின்னால் தள்ளுப்படும் சத்தம்.

"மிஸ்! ஓடி வாங்கோ மிஸ்! ரீச்சர் விளையாடிக்கொண்டிருக்கிறா!"

திரையில் சீட்டாட்டம். தனியாக ஆடும் ஆட்டம், பாதியில் நின்றது. சிவப்பு ராணி வெளியே கிடந்தாள், அவளை வைக்கக் கறுப்பு ராசா ஒன்றும் திறந்திருக்கவில்லை. கீழ் மூலையில் ஆட்டத்தின் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நீ எழும்பிப் போனதிலிருந்து, உன்னைக் குளிப்பாட்டியபோதும், சந்தூக்கு ஒழுங்கையால் திரும்பியபோதும், அது மதருக்குள் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

"விட்ட இடத்தில நிக்குது, அவ்வளவுதான். ரீச்சர் செய்து வைச்ச ஏற்பாடுதானே" என்றேன் ஜெசிந்தாவிடம். என் குரல் ஒழுங்காகத்தான் இருந்தது.

அப்போது அம்புக்குறி அசைந்தது.

ஜெசிந்தாவின் கை சிலுவைக் குறி போட்டுக்கொண்டிருந்தது. என் கைகள் இரண்டும் கதிரையின் முதுகில் இருந்தன. மவுஸை யாரும் தொடவில்லை. அம்புக்குறி சிறிது நடுங்கியது, பக்கவாட்டில் நகர்ந்தது, ராணியின் மேல் நின்றது, திரும்பவும் நடுங்கியது. யோசிக்கும்போது நீ சீட்டுகளின் மேல் இப்படித்தான் சுற்றுவாய்.

ஜெசிந்தாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் கேபிள்களை இழுத்துப் பார்த்தேன். மவுஸை மாற்றினேன். வேறு மவுஸிலும் அசைந்தது. அடுத்த நாள் காலையில் அசையவில்லை. பிற்பகலில், வெயில் துறைமுகத்துக்குச் சரிந்ததும் அசைந்தது. அதில்தான் பிடித்தேன். தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் ஒளி யன்னலால் வந்து, மேசைக் கண்ணாடியில் விழுந்து, மவுஸின் அடியில் புகுகிறது. அடியிலுள்ள சிறு கண் அலையின் மினுக்கத்தைக் கையின் அசைவென்று எண்ணிக்கொள்கிறது. நான் உள்ளங்கையால் வெயிலை மறைத்தேன், அம்புக்குறி நின்றது. எடுத்தேன், அசைந்தது. மறைத்தேன், நின்றது. ஒரு படகு போய் அலை எழும்பினால் கூடுதலாக அசைந்தது.

உனக்குச் சொல்லியிருந்தால் "கெட்டிக்காரி" என்று கையைத் தட்டியிருப்பாய். திரைச்சீலை போட்டால் முடிந்தது. நான் போடவில்லை. ஜெசிந்தாவை வேறு பெட்டிக்கு மாற்றிவிட்டு, உன்னுடையதை அந்த யன்னலோரத்திலேயே விட்டேன். வெயில் சரியும் நேரம் வந்ததும் பெட்டியைப் போட்டு முன்னால் உட்காருவேன். உள்துறைமுகம் உன் மவுஸை ஆட்டும். நீ சீட்டுகளைத் தடவுவாய். காரணம் முழுவதும் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே மற்றப் பெண்கள் போகும் வரை காத்திருந்தேன்.

இதற்கிடையில் மதர் நோயில் விழுந்தாள். விசிறி உறுமியது. டிஸ்க் கெட்டுக்கொண்டு வருகிறது என்று எச்சரிக்கை வந்தது, பிறகு ஒவ்வொரு நாளும் வந்தது. புதிய இயந்திரம் வந்து உறை பிரிக்காமல் கிடந்தது. மாற்றுவதென்றால் மதரை ஒருமுறை முழுதாக நிறுத்தி, டிஸ்க்கைக் கழற்ற வேண்டும். நிறுத்தினால் மற்றவர்களின் சேமித்த வேலை தப்பும். உன் சீட்டாட்டத்தைச் சேமிக்க முடியாது. நிறுத்தாமல் விட்டால், டிஸ்க் செத்த அன்று எல்லோருடையதும் போய்விடும். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. இருந்தும் நான் வரும் கிழமை, வரும் கிழமை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"வாற கிழமை எண்டால் எந்த வருசத்து வாற கிழமை, மிஸ்?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

ஒருநாள் மின்சாரம் போனது. மதருக்கு மட்டும் பூட்டியிருந்த மின்கலம் அலறத் தொடங்கியது. மதருக்கு இன்னும் சில நிமிடம்தான் உயிர். அதற்குள் நான் ஓடிப்போய் மதரை ஒழுங்காக நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கெட்ட டிஸ்க் எல்லோருடைய வேலையோடும் போய்விடும். ஓடவில்லை. உன் பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன். அதன் திரை மின்சாரத்தோடு கறுத்துப் போயிருந்தது. அந்தக் கறுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மின்சாரம் திரும்ப வந்து அலறல் நின்றபோது, மதர் விழவில்லை என்று தெரிந்தபோது, திரும்பினேன். ஜெசிந்தா எனக்குப் பின்னால் நின்றாள்.

"மிஸ், நாங்கள் உயிரோட இருக்கிறம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

உன் ராத்தாவைக் கூப்பிட்டது அவள்தான். எனக்குச் சொல்லாமல் கூப்பிட்டிருக்கிறாள். மூன்றாம் நாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ராத்தா கறுப்பு அபாயா அங்கியோடு மேடேறி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தா. கையில் வாழையிலையில் சுற்றிய சாப்பாட்டுப் பொதி.

"இந்த மலையில கொண்டு போய் வைச்சிருக்கீங்களே புள்ள, கீழ இடமே இல்லையா?" என்று கதிரையில் விழுந்தா. "எங்க, காட்டுங்க. தங்கச்சிட சாமான் அசையுதாமே."

பெட்டியைப் போட்டேன். சீட்டாட்டம் வந்தது. ராத்தா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தா.

"சீட்டா! ஒவ்வொரு நாளும் பிந்தி வந்து 'வேலை ராத்தா, வேலை' எண்டு என்னட்டக் கோப்பி வாங்கிக் குடிச்சவ. கள்ளி!" சிரித்துச் சிரித்து முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தா. பிறகு அந்தக் கடிகாரத்தைக் கண்டா. அது என்னவென்று கேட்டா. சொன்னேன். சிரிப்பு அடங்கிவிட்டது.

நான் வெயில், தண்ணீர், மவுஸின் கண் எல்லாவற்றையும் விளக்கினேன். யாருக்கோ பதில் சொல்ல வேண்டியவள் மாதிரி வேகமாக விளக்கினேன். ராத்தா முழுவதும் கேட்டா.

"மௌத்தானவங்க மவுஸ ஆட்ட மாட்டாங்க புள்ள. அவங்களுக்கு அங்க வேற வேலை இருக்கு. எனக்கு அது தெரியும், உங்களுக்கும் தெரியும். அப்ப ஏன் நிப்பாட்டேல்ல?"

"ஏலாமக் கிடக்கு, ராத்தா."

அவ என்னைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தா. "ஓட்டோவுக்குள்ளதான் முடிஞ்சுது. கண் திறந்தபடி. என்னைத்தான் பாக்கிற மாதிரி. நான்தான் இந்தக் கையால மூடிவிட்டனான். மூடுறதுக்கு மனம் வருமா? ஆனா திறந்தபடி விட ஏலாது, புள்ள. அது அவவுக்கு நாங்க செய்யிற மரியாதை." பிறகு, "இதை நான் மூட மாட்டன். இது உங்கட பங்கு."

ஜெசிந்தா மற்றப் பெண்களிடம் போய்ச் சேமிக்கச் சொன்னாள். ஒவ்வொரு பெட்டியாக அணைந்தது. நான் உள் அறைக்குப் போனேன். மதரின் சிறிய திரையில் இன்னும் உள்ளே இருப்பவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக மறைந்து, உன் பெயர் மட்டும் மிஞ்சியது. இந்தப் பயனரை வெளியேற்றவா என்று கேட்டது. விரலை வைத்தேன்.

"புள்ள" என்று ராத்தா வெளியிலிருந்து கூப்பிட்டா. "அசையுது."

வெளியே வந்தேன். அம்புக்குறி மெதுவாக, வழக்கமான நடுக்கம் இல்லாமல், ராணியை விட்டு நகர்ந்து, சீட்டில்லாத வெறும் பச்சைப் பரப்பில் வந்து நின்றது. ராத்தாவின் கைகள் மடியில் பொதியின் மேல் இருந்தன. ஜெசிந்தா கதவடியில். நான் யன்னலைப் பார்த்தேன். மழை இருட்டிக்கொண்டு வந்திருந்தது. உள்துறைமுகம் ஈயத் தகடு மாதிரிக் கிடந்தது. எங்கும் ஒரு மினுக்கமும் இல்லை.

"வெயில்தான், ராத்தா" என்றேன்.

ராத்தாவும் யன்னலைப் பார்த்தா.

"ஓம் புள்ள" என்றா. "வெயில்தான்."

நான் உள்ளே போய் அழுத்தினேன். உன் பெயர் போனது. வெளி அறையில் ராத்தா மெல்ல ஓதும் குரல் கேட்டது. மதரை நிறுத்தியபோது அந்த விசிறி சுற்றி ஓய்வதற்கு நெடுநேரம் எடுத்தது. அது ஓய்ந்த பிறகுதான், இத்தனை காலமும் அந்தச் சத்தத்துக்குள் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம் என்பது தெரிந்தது. ராத்தா பொதியைப் பிரித்தா. மூவரும் சாப்பிட்டோம். நல்ல உறைப்பு. மழை பெய்தது.

எல்லோருடைய வேலையும் தப்பிவிட்டது. ஜெசிந்தாவுக்கு உப்புவெளியில் அறைகள் நிறைந்திருக்கின்றன. புதிய இயந்திரத்துக்கும் அவள் மதர் என்றுதான் பெயர் வைத்திருக்கிறாள், "இவ இளம் மதர்" என்கிறாள். உன் வழக்கத்தை நான் மாற்றவில்லை. இப்போதும் யாரும் வெளியேறுவதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறார்கள். எங்கும் இப்படிச் செய்வதில்லை என்று கேட்கிறவர்களுக்கு, இங்கே செய்கிறோம் என்று சொல்கிறேன்.

உன் பெட்டியை மட்டும் யாருக்கும் கட்டவில்லை. அது அதே யன்னலோரத்தில் இருக்கிறது. அதைப் போட்டால் யாருடைய திரையும் வராது. பயனர் பெயரைக் கேட்கும் ஒரு வெறும் கட்டம் வரும். அந்த அறையில் 'நீ யார்?' என்று கேட்கும் பெட்டி அது ஒன்றுதான். நான் பதில் எழுதுவதில்லை. கொஞ்ச நேரம் கேட்க விட்டு அணைத்துவிடுவேன்.

திரைச்சீலை போட்டாயிற்று. நீ கொண்டு வருகிறேன் என்று சொன்ன நிறம் எதுவென்று தெரியாததால் நீலத்தில் வாங்கினேன்.

அன்றைய அசைவுக்கும் காரணம் இருக்கும். ராத்தாவின் முழங்கால் மேசையில் பட்டிருக்கலாம். மேலே எரிந்த விளக்காக இருக்கலாம். இருட்டிய பிற்பகலொன்றில் அதே மேசையில், அதே விளக்கைப் போட்டு, அதே மவுஸை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மாரி முழுவதும் இருட்டிய பிற்பகல்களாகவே வந்து போயின. விளக்கைப் போடும் பொத்தான் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

உனக்குத் தெரியும், எதையும் இழுத்துப் பார்க்காமல் விடுகிறவள் அல்ல நான். அந்த ஒரு கேபிளை நான் இழுத்துப் பார்க்கவில்லை.